முடிக்கும் கோப்பைக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து சேரும் நாட்களை ஒட்டித்தான் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் குறுவட்டப் போட்டிகளுக்கான அணித் தேர்வும் சூடுபிடிக்கும். மடவார் வளாகத்தில் தொடங்கி ராஜபாளையம் வரைக்குமான பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி என்று பல மைதானங்கள். விடிந்தும் விடியாத வேளையில் கபடிக்கும் கூடைப்பந்துக்கும் கையுந்துபந்துக்கும் பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள். யார் மூச்சு விடாமல் பாடி வருகிறான், யாருக்குக் காலில் வேகம் இருக்கிறது, கடைசி ஐந்து நிமிடத்தில் பதறாமல் ஆடுவது யார் என்று பார்த்து எழுதப்பட வேண்டிய பட்டியல் அது. ஆனால், பெயர் வாசிக்கும்போதே கூடுதலாக ஒரு நிபந்தனையும் வந்து விழும்: “நாளைக்கு வரும்போது முடியை ஒட்ட வெட்டிட்டு வரணும். இல்லேன்னா டீம்ல பேர் இருக்காது.”

ஒரு ஊரில், ஒரு பள்ளியில் மட்டும் நடப்பதில்லை இது. பாக்ஸ் கட்டிங், ஒன் சைடு, ஸ்பைக், கோடு போடுவது என்று வகை பிரித்துத் தடை விதிக்காத பள்ளி தமிழ்நாட்டில் குறைவு. தலைமை ஆசிரியர்கள் சலூன் கடைக்காரர்களை அழைத்து “பள்ளிப் பையன்களுக்கு இப்படி வெட்டிவிடாதீர்கள்” என்று கேட்டுக்கொள்வதும், முடிதிருத்துபவரைப் பள்ளிக்கே வரவழைத்து வரிசையில் உட்கார வைப்பதும் நாளிதழ்களில் அவ்வப்போது வரும் செய்திகள். அவற்றைப் பாராட்டும் தொனியில்தான் பெரும்பாலும் எழுதுகிறோம். வகுப்பறைக்கான அந்த விதி மைதானத்துக்குள் நுழையும்போது அதன் குணம் மாறிவிடுகிறது. வகுப்பில் முடி வளர்த்தவனுக்குத் திட்டு கிடைக்கும். அணியில் முடி வளர்த்தவனுக்கு இடமே போய்விடும். இந்த வித்தியாசத்தைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

பி.டி. சாரின் பக்கம்

முதலில் உடற்கல்வி ஆசிரியரின் நியாயத்தைக் கேட்போம். நம் பள்ளிகளில் அவரைப் போல் தனியாக நின்று மாரடிப்பவர் வேறு யாருமில்லை. பல நூறு பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர். வெளியூர்ப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பேருந்துக் கட்டணமும் வாழைப்பழமும் பல நேரம் அவர் சட்டைப்பையிலிருந்துதான் வரும். காலை வழிபாட்டில் வரிசையை நேராக்குவது, வெளிக்கதவில் நின்று தாமதமாக வருபவனைப் பிடிப்பது, யார் தலைமுடி நீளம் என்று பார்ப்பது எல்லாம் அவர் தலையிலேயே கட்டப்பட்டிருக்கின்றன. பள்ளியின் ஒழுங்குக்கு அவர்தான் காவல்.

முடி விஷயத்தில் அவர் சொல்லும் காரணங்களும் முற்றிலும் வெற்றானவை அல்ல. கண்ணில் விழும் முடி ஆட்டத்தைக் கெடுக்கும். விடுதியில் தங்கும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் தட்டுப்பாடு, பேன் தொல்லை. ஒரே மாதிரி தலை, ஒரே மாதிரி உடை என்று நின்றால் அணிக்கு ஓர் ஒற்றுமை. எல்லாவற்றையும் விட, “ஸ்டைலாக வெட்டிக்கொண்டு திரிந்தால் ஊரில் ரவுடி என்று சொல்வார்கள், போலீஸ்காரர் நிறுத்திக் கேட்பார், என் பையனுக்கு அந்தப் பெயர் வரக் கூடாது” என்கிற அக்கறை. பெற்றோர்களில் பலர் இதை வரவேற்கவே செய்கிறார்கள். “நான் சொன்னால் கேட்க மாட்டான் சார், நீங்கள் சொல்லுங்கள்” என்று அவர்களே வந்து நிற்பதும் உண்டு. பொதுத் தேர்வு முடிவுகளில் வருடா வருடம் முன்வரிசை பிடிக்கும் விருதுநகர் மாவட்டத்தில், கட்டுப்பாட்டால்தான் இது வந்தது என்ற நம்பிக்கையும் ஆழமாக வேரோடியிருக்கிறது.

இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், ஆட்டத்தோடு தொடர்புள்ளவை மிகச் சில என்பது தெரியும். மற்றவை, ஒரு பதின்வயதுப் பையன் எப்படித் தோற்றமளிக்க வேண்டும் என்பது குறித்துப் பெரியவர்களுக்கு இருக்கும் கருத்துகள். கருத்து இருப்பதில் தவறில்லை. அதற்கு விலையாக அணியில் இடத்தைக் கேட்பதுதான் தவறு.

ஆட்டத்தின் விதி கேட்பது என்ன?

விளையாட்டுகள் உடலைப் பற்றி விதி வகுக்காமல் இல்லை. கபடி விதிப்படி நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். நகை அணியக் கூடாது. உடம்பில் எண்ணெய் தடவக் கூடாது. கூடைப்பந்திலும் நகம் வெட்டியிருக்க வேண்டும், நகையும் காயப்படுத்தக்கூடிய கிளிப்பும் கூடாது. கால்பந்தில் மோதிரம், கம்மல் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். மேலே டேப் ஒட்டி மறைத்தாலும் நடுவர் விட மாட்டார். இவை எல்லாவற்றுக்கும் ஒரே அடிப்படை உண்டு. எதிரில் நிற்பவனுக்கும் தனக்கும் காயம் வரக் கூடாது. யாருக்கும் நேர்மையற்ற சாதகம் கிடைக்கக் கூடாது. எண்ணெய் தடவியவனைப் பிடிக்க முடியாது, அதனால் தடை. நகம் கீறும், அதனால் தடை. காரணம் கேட்கும் பிள்ளைக்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிடலாம்.

முடியின் நீளத்தைப் பற்றி இந்த விதிப்புத்தகங்கள் கவலைப்படவில்லை. கபடியில் பாடி வருபவரின் கை, கால், உடம்பைத்தான் பிடிக்கலாம். முடியைப் பற்றி இழுப்பது முறைகேடு. அதாவது, தண்டனை இழுத்தவனுக்கு, வளர்த்தவனுக்கு இல்லை. முடி கண்ணை மறைக்கிறது என்றால் ஒரு பட்டை கட்டிக்கொள்ளலாம், குடுமி போடலாம். இரண்டும் பிடிக்காவிட்டால் வெட்டிக்கொள்ளலாம். வழி எது என்பதை ஆடுபவன் தேர்ந்தெடுக்கட்டும்.

நீரஜ் சோப்ராவை நினைத்துப் பாருங்கள். ராணுவத்தில் இளநிலை அதிகாரியாக இருந்துகொண்டே தோள்வரை முடி வளர்த்தவர் அவர். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன்பு, வியர்வையில் முடி கண்ணில் விழுந்து தொந்தரவு செய்கிறது என்று தானாகவே வெட்டிக்கொண்டார். 2021 ஆகஸ்ட் 7 அன்று தங்கம் வென்றபின் மறுபடியும் வளர்த்தார். தன் ஆட்டத்துக்கு எது இடைஞ்சல் என்று ஒரு விளையாட்டு வீரர் தானே கண்டுகொள்வதுதான் உண்மையான ஒழுக்கம். பயிற்சியாளர் கத்தரியைக் காட்டி வாங்கும் கீழ்ப்படிதலில் அந்தக் கண்டுபிடிப்பு நடப்பதில்லை. தோனியின் நீண்ட முடியைப் பார்த்து நம் ஊர்ப் பையன்களில் பாதிப் பேர் வளர்த்த காலம் ஒன்று இருந்தது. 2006இல் லாகூரில் பாகிஸ்தான் அதிபர் முஷாரஃப், இதை வெட்டாதீர்கள் என்று மேடையிலேயே சொன்னார். 2007 டி20 உலகக் கோப்பையை வென்ற பிறகு தோனி தன் விருப்பப்படி வெட்டினார். அவர் ஸ்டம்பிங் செய்த வேகத்தில் முடி குறுக்கே வந்ததாக யாரும் குறை சொன்னதில்லை.

கிரீன்ஸ்பர்க், கோஷியன், பியூனா

இது நம் ஊருக்கு மட்டுமான வியாதி இல்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கிரீன்ஸ்பர்க் என்ற சிற்றூர்ப் பள்ளியில், கூடைப்பந்து ஆடும் பையன்களின் முடி காதுக்கும் புருவத்துக்கும் சட்டைக் காலருக்கும் மேலேயே நிற்க வேண்டும் என்று விதி இருந்தது. அணி ஒற்றுமை, சுத்தமான தோற்றம் என்பவை பயிற்சியாளர் சொன்ன காரணங்கள். ஒரு மாணவன் வெட்ட மறுத்தான்; அணியில் இடம் போயிற்று. பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். பெண்கள் கூடைப்பந்து அணிக்கு அப்படி எந்த விதியும் இல்லை என்பதுதான் வழக்கின் மையமாயிற்று. ஒற்றுமைக்குக் குட்டை முடி தேவை என்றால் பெண்கள் அணிக்கு ஒற்றுமை வேண்டாமா? 2014 பிப்ரவரியில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆணுக்கு ஒன்றும் பெண்ணுக்கு ஒன்றுமான இந்த விதி பாகுபாடு என்று தீர்ப்பளித்தது.

இன்னொரு சம்பவம் மனதைப் பிசையும். 2018 டிசம்பரில் நியூஜெர்சி மாநிலத்தின் பியூனா பகுதி உயர்நிலைப் பள்ளியைச் சேர்ந்த 16 வயது மல்யுத்த மாணவனிடம், சடைமுடியை வெட்டு, இல்லையேல் போட்டியை விட்டுக்கொடு என்றார் நடுவர். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, களத்தின் ஓரத்திலேயே அவன் முடி வெட்டப்பட்டது. ஆடி ஜெயித்தான். அந்தக் காணொளியில் வெற்றியைக் கொண்டாடுபவனின் முகம் அவனுக்கு இல்லை. கறுப்பினப் பரம்பரையைச் சேர்ந்த பையன் அவன்; அந்த முடி அவன் வம்சத்தின் அடையாளம். நடுவர் பின்னர் இடைநீக்கம் செய்யப்பட்டார். சரியாக ஓராண்டு கழித்து, 2019 டிசம்பர் 19 அன்று, முடியை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டத்தில் அந்த மாநிலத்தின் ஆளுநர் கையெழுத்திட்டார்.

ஜப்பானின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கேயும் ஆசிரியர் சொல் வேதவாக்கு. பள்ளி பேஸ்பால் என்றாலே மொட்டைத் தலை என்பது தலைமுறைகளாக ஊறிய வழக்கம். கோடைக்காலத்தில் கோஷியன் மைதானத்தில் நடக்கும் தேசியப் பள்ளிப் போட்டியை அந்த நாடே வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கும். 2023 ஆகஸ்ட் 23 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில், முந்தைய ஆண்டுச் சாம்பியனான செண்டாய் இகுயெய் பள்ளியை 8–2 என்று வீழ்த்தி, 107 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பையை எடுத்தது கேயோ பள்ளி. அந்தப் பிள்ளைகள் விருப்பப்படி முடி வைத்திருந்தார்கள். பயிற்சியாளர் தகாஹிகோ மோரிபயாஷி தொடக்கப் பள்ளி ஆசிரியர். ரசித்து ஆடுங்கள் என்பது அவருடைய பாடம். முடி இருந்ததால் ஜெயித்தார்கள் என்று சொல்ல வரவில்லை. முடி இல்லாவிட்டால்தான் ஜெயிக்க முடியும் என்ற நம்பிக்கை அன்று உடைந்தது.

உண்மையில் அது அதற்கு முன்பே உடையத் தொடங்கியிருந்தது. அங்குள்ள பள்ளி பேஸ்பால் சம்மேளனமும் அசாஹி நாளிதழும் சேர்ந்து நடத்திய ஆய்வில், மொட்டையைக் கட்டாயமாக்கிய பள்ளிகள் 2018இல் நூற்றுக்கு 77 ஆக இருந்தன. 2023இல் 26 ஆகக் குறைந்துவிட்டன. ஆட வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை சரிந்துகொண்டே போனதும், மொட்டைக்குப் பயந்து சிறுவர்கள் வேறு விளையாட்டுக்குப் போகிறார்கள் என்ற கவலையும் பள்ளிகளை யோசிக்க வைத்தன.

பெரியவர்களின் உலகத்திலும் இந்தப் பிடிவாதம் நஷ்டத்தையே தந்திருக்கிறது. 1998 உலகக் கோப்பைக்கு அர்ஜென்டினா கால்பந்துப் பயிற்சியாளர் டேனியல் பாசரெல்லா, நீண்ட முடி வைத்தவர்களுக்கு அணியில் இடமில்லை என்றார். பாடிஸ்டுடா வெட்டிக்கொண்டார். அந்த வருடமே ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் வென்ற ரியல் மாட்ரிட் அணியின் நடுக்களத் தூண் பெர்னாண்டோ ரெடொண்டோ மறுத்துவிட்டார். அர்ஜென்டினா அவர் இல்லாமலேயே போய்க் காலிறுதியில் நெதர்லாந்திடம் தோற்றது. அவர் இருந்திருந்தால் ஜெயித்திருப்பார்கள் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரை ஒரு கத்தரிக்காக வீட்டில் உட்கார வைத்தது மட்டும் நிச்சயம். ரெடொண்டோவுக்கு மாட்ரிட் இருந்தது. வத்திராயிருப்புப் பக்கத்துப் பையனுக்கு என்ன இருக்கிறது?

சான்றிதழின் கனம்

“பிடிக்கவில்லை என்றால் ஆடாமல் இருக்கட்டுமே” என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். குறுவட்டத்தில் ஆடினால்தான் மாவட்டத்துக்குப் போகலாம். மாவட்டத்தில் ஜெயித்தால்தான் மாநிலம். அந்த ஏணியில் கிடைக்கும் சான்றிதழ்களை நம்பித்தான் விளையாட்டு விடுதியில் இடம், கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு, அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு எல்லாம் இருக்கின்றன. பஞ்சாலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைக்கு, அந்தக் காகிதம் வாழ்க்கையை மாற்றும் காகிதம். ஏணியின் முதல் படியில் நிற்பவர் பி.டி. சார். அவர் சொல்லும் எதையும் மறுக்கும் நிலையில் அந்தப் பையன் இல்லை. அதிகாரம் இவ்வளவு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் இடத்தில் சம்மதம் என்ற பேச்சுக்கே பொருளில்லை.

இந்த விதி எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி விழுவதும் இல்லை. தடை செய்யப்படும் வெட்டுகளின் பட்டியலைப் பாருங்கள். ‘புள்ளிங்கோ’ என்று கேலி பேசப்படும் உழைக்கும் வீட்டுப் பையன்களின் வெட்டுகள்தான் அதில் அதிகம். நகரத்தின் குளிரூட்டப்பட்ட சலூனில் வெட்டியது நாகரிகம், மடவார் வளாகத்துச் சந்துக் கடையில் வெட்டியது பொறுக்கித்தனம் என்ற பார்வை அந்தப் பட்டியலுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. கார்த்திகையில் மாலை போட்ட மாணவன் தாடியோடு வந்தால் பல பள்ளிகள் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லவும் கூடாது. ஆனால், ஒரு மண்டலம் தாடியும் முடியும் வைத்தவனால் படிப்பும் ஆட்டமும் கெடவில்லை என்றால், ஒழுக்கத்துக்கும் மயிருக்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னது அப்போதே பொய்யாகிவிடுகிறது.

கயிறு வேறு

இந்த இடத்தில் தென்மாவட்டத்துக்காரர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்க வேண்டும். “அப்படியானால் கையில் கலர் கயிறு கட்டிக்கொண்டு வருவதும் அவன் விருப்பம்தானா?”

இல்லை. 2019 ஜூலை 31 தேதியிட்ட பள்ளிக்கல்வி இயக்குநரின் சுற்றறிக்கை, சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று கயிற்றின் நிறத்தால் சாதி அடையாளம் காட்டப்படுவதைச் சுட்டியது. விளையாட்டுத் தேர்விலும் மதிய இடைவேளையிலும் இந்த அடையாளம் பயன்படுவதாக அதில் குறிப்பிடப்பட்டிருந்ததை நாம் மறந்துவிட்டோம். எதிர்ப்பு வந்ததும் அந்தச் சுற்றறிக்கை கிடப்பில் போனது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினப் பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் முதலமைச்சரிடம் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் ஆகியவற்றைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது.

அந்தத் தடையை நான் ஆதரிக்கிறேன். சாதிக் கயிறு கட்டியவன் தன்னைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. பக்கத்தில் நிற்பவனை நோக்கி ‘நீ யார்’ என்று கேட்கிறான். ஒரே அணியில் ஏழு பேர் கைகோத்து நிற்க வேண்டிய கபடியில், அந்தக் கேள்வி அணியையே பிளக்கும். நகத்துக்குச் சொன்ன அதே காரணம் இதற்கும் பொருந்தும்: அடுத்தவனைக் காயப்படுத்துகிறது. காதோர முடி யாரையும் காயப்படுத்துவதில்லை. இரண்டையும் ஒரே சுற்றறிக்கையில், ஒரே வரியில், ‘ஒழுங்கீனம்’ என்று எழுதும்போது பெரிய குற்றம் சிறிதாகிவிடுகிறது. முடியை அளக்க ஸ்கேல் எடுக்கும் கை, கயிற்றைப் பார்த்தும் பார்க்காமல் போவதை இங்கே எல்லோரும் அறிவார்கள். முடி வெட்டச் சொன்னால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் ஊரே வரும். எளிதானதைப் பிடித்துக்கொண்டு கடினமானதை விட்டுவிடுவதற்குக் கட்டுப்பாடு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பெண்பிள்ளைகளின் தலை

பெண்பிள்ளைகளுக்கு இது தலைகீழாக நடக்கிறது. பள்ளிக்கு மடித்துக் கட்டிய இரட்டைச் சடையும் ரிப்பனும் கட்டாயம். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டால் “என்ன கோலம் இது” என்பார்கள். அதே பிள்ளை விளையாட்டு விடுதிக்குப் போனால் பல இடங்களில் ‘பாய் கட்’. ஹரியாணாவில் மகாவீர் சிங் போகட் தன் மகள்களின் முடியை வெட்டிவிட்டு மல்யுத்த மண்ணில் இறக்கியதை ‘தங்கல்’ படத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2010 காமன்வெல்த் போட்டியில் கீதா போகட் தங்கம் வென்றார், கைதட்டினோம். அழுத சிறுமியின் பக்கம் நின்று யோசித்தவர்கள் குறைவு. வளர்க்கச் சொன்னாலும் வெட்டச் சொன்னாலும் முடிவு அவளுடையதாக இல்லை என்பதுதான் இரண்டிலும் பொது.

முடியோடு நிற்பதும் இல்லை. கூடைப்பந்துக்கு அரைக்கால் சட்டை போட வேண்டும் என்றால் வீட்டில் தடை. உள்ளே நீளக் கால்சட்டை போட்டு ஆடலாமா என்றால் பள்ளியில் தயக்கம். 2021இல் நார்வே நாட்டின் பெண்கள் கடற்கரைக் கைப்பந்து அணி, பிகினிக்குப் பதிலாகக் குட்டைக் கால்சட்டை அணிந்ததற்காக 1,500 யூரோ அபராதம் கட்டியது. உலகம் கேலி செய்த பிறகு அந்த ஆண்டே விதி மாறியது. குறைவாக அணியச் சொல்வதும் கூடுதலாக அணியச் சொல்வதும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். ஆடுபவள் எதில் வசதியாக ஓட முடியும் என்று அவளைக் கேட்பதுதான் மருந்து.

ஆண்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2014இல் சீனாவின் வூஹானில் நடந்த ஆசியக் கூடைப்பந்துப் போட்டியில், இந்திய அணியின் அம்ரித்பால் சிங்கும் அம்ஜோத் சிங்கும் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு ஆட வேண்டியதாயிற்று. அன்று இந்தியா முழுக்கக் கொதித்தது. 2017இல் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் விதியைத் திருத்தியது. தேசிய அணிக்கு நடந்தால் அவமானமாகத் தெரிவது, நம் பள்ளிப் பிள்ளைக்கு நடந்தால் ஒழுக்கமாகத் தெரிவது எப்படி?

கொடுப்பதும் எடுப்பதும்

முடியின் அருமை தெரியாத மக்கள் இல்லை நாம். குலதெய்வத்துக்கு முதல் மொட்டை. சாத்தூர் பக்கத்து இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு குடும்பத்தோடு மொட்டை. கொடுப்பவன் தானாகக் கொடுக்கும்போது அது காணிக்கை. அதே மொட்டையைப் பிறர் அடித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி ஊர்வலம் விட்டால், அது ஊர் அறிந்த தண்டனை. ஒருவனின் விருப்பமில்லாமல் அவன் தலையில் கைவைப்பது என்ன செய்கிறது என்பதை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். அதனால்தான் அதைத் தண்டனையாக வைத்தார்கள். பதினைந்து வயதில், கண்ணாடி முன்னால் தன்னை மெல்ல உருவாக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது இன்னும் ஆழமாக இறங்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் கதையே ஒரு பெண்பிள்ளையின் கூந்தலில்தான் தொடங்குகிறது. பெருமாளுக்கான மாலையில் மகளின் முடி இருந்ததைக் கண்டு பெரியாழ்வார் கடிந்துகொண்டார். வேறு மாலை கட்டிக்கொண்டு போனார். அவள் சூடிக் கொடுத்ததே வேண்டும் என்று பெருமாள் சொன்னதாக நம்பும் ஊர் இது. சரிந்த கொண்டையோடு நிற்கும் ஆண்டாளைத்தான் இன்றும் கும்பிடுகிறோம். பெரியவரின் கோபம் தவறான இடத்தில் விழக்கூடும் என்பதை எங்கள் ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எழுதி ஒட்டுங்கள்

சட்டமும் இதில் வாய்மூடி இருக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆவது பிரிவு, உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் 14 வயது வரைக்குமானது. அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, 18 வயது வரை, இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவு உண்டு. திருநர் உரிமை குறித்த 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், ஒருவரின் தோற்றமும் உடையும் அவரது கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்றது. பள்ளிகள் நியாயமான வரம்பு போடலாம். நியாயம் என்ன என்று சொல்ல வேண்டிய கடமையும் அவர்களுடையதே.

ஆகவே, குறுவட்டப் போட்டிகள் தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொரு பள்ளியும் ஒரே ஒரு பக்கத் தாளை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். நகம், நகை, எண்ணெய், சாதி அடையாளம் என்று தடை எதுவோ அது, பக்கத்திலேயே ஏன் என்ற காரணத்தோடு. பையனுக்கும் பெண்ணுக்கும் காரணம் ஒன்றென்றால் விதியும் ஒன்று. முடி கண்ணை மறைக்கக் கூடாது என்று மட்டும் எழுதினால் போதும். பட்டையா, சடையா, கத்தரியா என்பது பிள்ளையின் முடிவு. பள்ளி வளாகத்தில் யார் தலையிலும் யாரும் கத்தரி வைக்கக் கூடாது. தோற்றத்தைக் காரணமாக்கி யாரையும் அணியிலிருந்து நீக்கக் கூடாது. நீக்கியதாகப் புகார் வந்தால், பெற்றோரும் முன்னாள் மாணவரும் உறுப்பினராக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு கேட்க வேண்டும். அணியே கூடிப் பேசி ஒரே மாதிரி வெட்டிக்கொள்ள விரும்பினால் தாராளமாகச் செய்யட்டும். மறுக்கும் ஒருவனுக்கும் ஜெர்சி உண்டு. இதைத் தனித்தனிப் பள்ளிகளின் பெருந்தன்மைக்கு விடாமல், போட்டிகளுக்கான வருடாந்திரச் சுற்றறிக்கையிலேயே பள்ளிக்கல்வித் துறை சேர்த்துவிடலாம். செலவு எதுவும் இல்லை.

இதனால் பி.டி. சாரின் மரியாதை குறையும் என்று நினைப்பவர்கள் அவரைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அதிகாலை மைதானத்தில் முதல் ஆளாக நின்று, விழுந்தவனைத் தூக்கிவிட்டு, பயந்தவனைப் பாட வைக்கும் மனிதரை எந்தப் பிள்ளையும் கத்தரிக்குப் பயந்து மதிப்பதில்லை. முடி அளக்கும் வேலையை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டால், ஆட்டம் சொல்லித்தர அவருக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும். கயிற்றை அவிழ்க்கச் சொல்லவும் கொஞ்சம் துணிவு மிஞ்சும்.